மரத்துப்போன கன்னம் பழகிப்போன கன்னம் அல்ல

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவருக்கு 43 வயது. குளிர்காலம் முழுக்கச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறார். ஒரு வழிக்கு 9 கிலோமீட்டர், ஏறக்குறைய அரை மணி நேரம். காலையில் வெப்பநிலை பெரும்பாலும் மைனஸ் 8 டிகிரியை ஒட்டி இருக்கும். கைக்கும் காலுக்கும் உடம்புக்கும் வேண்டியதைச் செய்துவிட்டார், முகத்துக்குத்தான் வழி பிடிபடவில்லை. முதலில் பெட்ரோலியம் ஜெல்லியை அப்பிக்கொண்டு போனார். அப்புறம் மப்ளரை மூக்குவரை சுற்றினார். அது பத்தே நிமிடத்தில் மூச்சின் ஈரத்தில் நனைந்து அட்டைபோல் விறைத்தது, மூக்குக்கண்ணாடியிலும் ஆவி படிந்து பாதை தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை. மைனஸ் 14 டிகிரி, கூடவே மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்காற்று. இடது கன்னம் ஊசி குத்துவதுபோல் வலித்து, பாதி வழியில் வலி நின்றுபோனது. "அப்பாடா, முகம் பழகிவிட்டது என்று நினைத்தேன்" என்கிறார். அலுவலகத்தில் கண்ணாடி பார்த்தபோது, மூக்குக்கண்ணாடியின் உலோக விளிம்பு தொடும் இடத்துக்குக் கீழே காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. கையால் அழுத்தித் தேய்த்தார், ஹீட்டர் முன் கன்னத்தைக் காட்டினார். இருபது நிமிடத்தில் சிவந்து எரிந்தது. கொப்புளம் வரவில்லை. மாலையில் அதே சைக்கிளில் வீடு திரும்பினார். இரண்டு நாள் கழித்துத் தோல் லேசாக உரிந்தது. இன்றும் குளிர்காற்று பட்டால் அந்த இடம் மட்டும் சுரீர் என்கிறது.

வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அரை மணி நேரம் வறட்டு இருமல் வருவதாகவும், நெஞ்சு இறுக்கிப் பிடிப்பதாகவும், சிறு வயதில் மூச்சிழுப்பு இருந்ததாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். "குளிர்காற்று பட்டால் வாய் கோணிக்கொள்ளும்" என்று அம்மா பயப்படுகிறார். கணவர் சைக்கிளையே விடச் சொல்கிறார். அவர் என்னிடம் கேட்பது மூன்று: கன்னத்துக்கு நிரந்தரமாக ஏதாவது ஆகிவிட்டதா? முகத்தை எப்படித்தான் மூடுவது? குளிர்காலத்தில் சைக்கிளை நிறுத்திவிட வேண்டுமா? கடைசியில் பின்குறிப்பாக மகளைப் பற்றி ஒரு கேள்வி.

என் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் அதுதான் சண்டையாக ஓடுகிறது என்று தெரிகிறது. சைக்கிளை விட வேண்டியதில்லை. ஆனால் எல்லா நாளும் ஓட்டலாம் என்றும் சொல்ல மாட்டேன். எந்த நாளில் ஓட்டக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். அந்த மைனஸ் 14 டிகிரிக் காலை ஓட்டியிருக்கக்கூடாத நாள். அந்த அளவில் உங்கள் கணவர் சொன்னது சரி.

உங்கள் கடிதத்தில் என்னைச் சற்று நிமிர்ந்து உட்கார வைத்தது வெள்ளைத் திட்டு அல்ல, "முகம் பழகிவிட்டது" என்ற அந்த வரி. குளிரில் வலிப்பது நரம்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். தோலின் சூடு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் நரம்பு செய்தி அனுப்புவதையே நிறுத்திவிடும். வலி நின்றதற்கு அதுதான் காரணம். கன்னம் குளிரைத் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ளவில்லை, உங்களுக்குத் தகவல் சொல்வதை விட்டுவிட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த இடம் உறைகிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. கையையாவது பார்த்துக்கொள்ளலாம், சொந்தக் கன்னத்தை யார் பார்க்க முடியும்? ஆகவே இனி ஒரே விதி: கன்னமோ மூக்கு நுனியோ காதோ வலித்து, பிறகு வலி 'தானாக' நின்றால், அங்கேயே சைக்கிளை நிறுத்துங்கள். கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு, உணர்வு திரும்பும்வரை காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பவில்லை என்றால் அன்றைய பயணம் முடிந்தது, ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

அந்தக் காலையில் என்ன நடந்தது

வானிலைச் செய்தியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் 'உணரும் குளிர்' என்று இன்னோர் எண் சொல்வார்கள். அந்த எண்ணே முகத்தை வைத்துச் செய்யப்பட்டதுதான். முதன்முதலில் 1940-களில் அன்டார்ட்டிக்காவில் சைப்பிள், பாசெல் என்ற இருவர், பிளாஸ்டிக் உருளையில் இருக்கும் தண்ணீர் காற்றில் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். மனித முகம் தண்ணீர் டப்பா அல்ல என்பதால் அது குளிரைக் கூட்டியே காட்டியது. 2001-இல் கனடாவில் 12 பேரை முகத்தை மூடாமல், காற்று வீசும் குளிரூட்டிய கூடத்தில் டிரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்தார்கள். இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் சொல்லப்படும் எண் அந்தத் திருத்திய கணக்கிலிருந்து வருவது.

இதில் சைக்கிள்காரர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. வானிலை நிலையம் காற்றை 10 மீட்டர் உயரத்தில் அளக்கிறது. முக உயரத்தில் காற்று அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றே வீசாத நாளிலும் முகத்தில் நேராக 20 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது. வெப்பநிலைக்கும் காற்றின் வேகத்துக்கும் 'உணரும் குளிர்' எவ்வளவு என்று காட்டும் அட்டவணையில் அதற்கு நிகர் 20 அல்ல, 30. உங்கள் வழக்கமான மைனஸ் 8 டிகிரிக் காலை, முகத்துக்கு மைனஸ் 17. ஓர் இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் மைனஸ் 20.

இப்போது மைனஸ் 14 டிகிரிக் காலையைப் பார்ப்போம். 15 கிலோமீட்டர் எதிர்காற்று முக உயரத்தில் 10. அதனுடன் உங்கள் வேகம் 20. மொத்தம் 30, அட்டவணையில் 45. கணக்குப் போட்டால் மைனஸ் 27 வருகிறது. மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையலாம் என்று எச்சரிக்கை தொடங்குவதே ஏறத்தாழ அந்த எண்ணில்தான். உங்கள் பயணமோ அரை மணி நேரம். அதோடு ஈர மப்ளர், உலோக விளிம்பு. ஈரத்துணி தோலிலிருந்து சூட்டை வேகமாக இழுக்கும், உலோகம் அதைவிட வேகமாக. திட்டு ஏன் சரியாக விளிம்புக்குக் கீழே வந்தது என்று இனி யோசிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடாது. காற்று எவ்வளவு அடித்தாலும், சுற்றியிருக்கும் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே தோலைக் கொண்டுபோக முடியாது. அந்த வெப்பநிலையை நோக்கிச் சீக்கிரம் கொண்டுபோகும், அவ்வளவே. ஆகவே வெளியே பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கும் நாளில் 'உணரும் குளிர்' மைனஸில் காட்டினாலும் கன்னம் உறையாது. அன்று வலி இருக்கலாம், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டலாம், ஈரக்குளிரில் காது மடலில் சிவந்து அரிக்கும் வீக்கம்கூட வரலாம். ஆனால் தோல் உறையும் பனிக்கடி வராது.

கன்னத்துக்கு என்ன ஆயிற்று

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மேலோட்டமான குளிர்க்காயம். தோல் வெளுத்து மரத்துப்போய், சூடானதும் சிவந்து எரிந்து சரியாவதோடு நின்றிருந்தால் அதைப் பனிக்கடிக்கு முந்தைய நிலை என்றே சொல்லியிருப்பேன். தோல் உரிந்ததால் முதல் படியைத் தொட்டுவிட்டது என்று தோன்றுகிறது. கொப்புளம் இல்லை, தொட்டபோது மெழுகுபோல் கெட்டியாக இல்லை, நிறம் திரும்பிவிட்டது. தழும்பு விழ வாய்ப்பு மிகவும் குறைவு. குளிர் பட்டால் அந்த இடம் மட்டும் சுரீர் என்பது சில மாதங்களாவது இருக்கும், சிலருக்கு அடுத்த குளிர்காலம்வரைகூட நீடிக்கும். அது குறையக் குறைய நல்லது. குறையாமல், காற்றே படாதபோதும் மின்சாரம் பாய்ந்ததுபோல் நொடிக்கணக்கில் வெட்டி வெட்டி வலித்தால் அது வேறு நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம், நேரில் காட்ட வேண்டும்.

அன்று நீங்கள் செய்ததில் மூன்று தவறு. குறை சொல்வதற்காக அல்ல, அடுத்த முறை செய்யாமலிருக்கச் சொல்கிறேன்.

தேய்த்தது முதல் தவறு. உறையத் தொடங்கிய தோலில் நுண்ணிய பனிப்படிகங்கள் இருக்கும், தேய்த்தால் அவை உள்ளேயே கிழிக்கும். பனியால் தேய்க்க வேண்டும் என்றுகூட ஒரு காலத்தில் சொன்னார்கள். 1812-இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையில் லாரே என்ற அறுவை மருத்துவர் இருந்தார். உறைந்த கைகால்களைத் தீயில் காய்ச்சிய வீரர்களுக்குச் சதை அழுகிப்போவதைப் பார்த்து, சூடு காட்டாதீர்கள், பனியால் தேயுங்கள் என்றார். அவர் கண்ணால் கண்டது உண்மை, எடுத்த முடிவுதான் பிசகு. இரவில் தீக்காய்ந்து மறுநாள் திரும்ப உறைந்ததும், மரத்துப்போன தோல் தீயில் வெந்ததுமே பெரிய சேதம். ஆனாலும் அந்த யோசனை நூறு வருஷத்துக்கு மேல் புத்தகத்தில் இருந்தது.

இரண்டாவது தவறு ஹீட்டர். உணர்வில்லாத கன்னம் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. உள்ளங்கைச் சூடு போதும். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் நனைத்த மெல்லிய துணியை ஒற்றி எடுக்கலாம். சரியான கைக்கு அந்தத் தண்ணீர் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது.

மூன்றாவது, மாலையில் திரும்ப ஓட்டியது. லாரேயின் கதையை இவ்வளவு நீட்டியது இதற்காகத்தான். ஒருமுறை உறையத் தொடங்கித் தெளிந்த தோல் மறுபடி உறைந்தால் சேதம் முதல் முறையைவிட அதிகம். அன்று மாலை வேறு வழியில் வீடு திரும்பியிருக்க வேண்டும். உங்கள் நல்ல நேரம், ஒன்றும் ஆகவில்லை.

களிம்பைப் பற்றி

பெட்ரோலியம் ஜெல்லி பூசினால் முகம் கதகதப்பாகத் தோன்றும் என்பதை மறுக்கவில்லை. தோன்றுவதுதான் சிக்கலே. பின்லாந்து ராணுவத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கு முகத்திலும் காதிலும் வந்த பனிக்கடியை ஆராய்ந்து 1995-இல் ஒரு கட்டுரை வந்தது. பாதுகாப்புக்கென்று களிம்பு பூசிக்கொண்டவர்களுக்குத்தான் கூடுதலாக வந்திருந்தது. காது மடலை மூடும் தொப்பி போடாதவர்களுக்கும், கழுத்துத் துணி சுற்றாதவர்களுக்கும் அப்படியே. களிம்பு விஷம் என்று அர்த்தமில்லை. ஒரு மெல்லிய பூச்சு சூட்டைப் பிடித்து வைக்காது, ஆனால் பிடித்து வைத்ததுபோல் ஒரு தைரியத்தைக் கொடுக்கும். அந்தத் தைரியத்தில் ஆள் இன்னும் பத்து நிமிடம் வெளியே நிற்பான்.

தோல் வறண்டு வெடிக்காமலிருக்க இரவில் தாராளமாகப் பூசுங்கள். உதட்டுக்கும், மூக்கு ஒழுகித் துடைத்துத் துடைத்துப் புண்ணாகும் இடத்துக்கும் காலையிலும் பூசலாம். பனி படர்ந்த தரையில் வெயிலடிக்கும் நாளில் சன்ஸ்கிரீன் அவசியம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி முகத்தில் அடிக்கும். ஆனால் குளிரைத் தடுப்பது துணியின் வேலை, களிம்பின் வேலை அல்ல.

முகத்தை மூடும் விதம்

உங்கள் மப்ளர் தோற்றதற்குக் காரணம் அது மெல்லியது என்பதல்ல. மூச்சு வெளியேற வழி இல்லை. மிதிக்கும்போது விடும் மூச்சு சூடாகவும் முழு ஈரத்தோடும் வருகிறது. அதை மூக்கின் மேல் இறுக்கிக் கட்டிய துணி இரண்டு பக்கம்தான் அனுப்பும்: துணிக்குள்ளேயும், மேல்புறமாக மூக்குக்கண்ணாடிக்கும். துணிக்குள் போனது உறைகிறது, கண்ணாடிக்குப் போனது ஆவியாகப் படிகிறது. இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றேதான். குளிரை வெளியே நிறுத்தப் பார்த்தால் மட்டும் போதாது, மூச்சைக் கீழ்நோக்கி வெளியேற்ற வேண்டும்.

அதற்கு நான் சொல்வது, மங்கி கேப் என்று நாம் சொல்வோமே, அதன் மெல்லிய வடிவம். தலை, காது, கன்னம், தாடை, கழுத்து எல்லாம் ஒரே துணியில் அடங்கும். ஹெல்மெட்டுக்கு அடியில் போடுகிற மாதிரி மெல்லியதாக, வாய்ப்பகுதியில் துளைகளோ வலையோ உள்ளதாக, மூக்கின் மேல் வளைந்து உட்காரும்படி தைத்ததாகப் பாருங்கள். மூக்கின் மேல் வளைக்கக்கூடிய சிறு கம்பி இருந்தால் இன்னும் நல்லது, மேல்பக்கம் மூச்சு கசியாது. நெற்றி, கன்னம் பகுதியில் காற்றைத் தடுக்கும் துணி, வாய்க்கு நேரே காற்றை விடும் துணி. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். உள்பக்கம் மெரினோ கம்பளியோ செயற்கை நூலோ இருக்கட்டும். பருத்தி வேண்டாம், நனைந்தால் சூடு தராது.

கெட்டியான கம்பளிக் குல்லாவை ஹெல்மெட்டுக்கு அடியில் திணிக்காதீர்கள். ஹெல்மெட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், விழுந்தால் காப்பாற்றாது. மெல்லிய குல்லா போட்ட பிறகு வார்களைத் தளர்த்தி ஒருமுறை சரிசெய்யுங்கள், குளிர் முடிந்ததும் மறக்காமல் திரும்ப இறுக்குங்கள். காதை மூடுங்கள், ஆனால் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்காத அளவுக்கு அல்ல.

துணி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒன்று, திரும்பும்போது காய்ந்த மற்றொன்று. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேனோ, பாதிப் பேர் செய்வதில்லை. காலையில் நனைந்ததையே மாலையிலும் மாட்டிக்கொண்டு, "டாக்டர், துணி சரியில்லை" என்பார்கள்.

கண்ணுக்கு வருவோம். மைனஸ் 10 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில் பக்கவாட்டையும் மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி போதும். உலோக விளிம்பு கன்னத்தைத் தொடாமலிருக்க வேண்டும். குல்லாத் துணி விளிம்புக்கு அடியில் வரும்படி இழுத்துவிட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. வெப்பநிலை மைனஸ் 10-க்குக் கீழே போனால் பனிச்சறுக்குக்காரர்கள் போடும் காகிள்ஸ் நல்லது. மூக்குக்கண்ணாடிக்கு மேல் போடக்கூடிய அகலமான வகையும் கிடைக்கிறது. அது நெற்றியின் கீழ்ப்பகுதியையும் கன்னத்தின் மேல்பகுதியையும் சேர்த்தே மூடிவிடும். குளிர்காற்று நெற்றியில் அடித்து வரும் அந்தக் குத்தும் தலைவலிக்கும் இதுவே மருந்து. சிக்னலில் நிற்கும்போது ஆவி படிந்தால் கையுறையால் உள்பக்கம் துடைக்காதீர்கள், கீறல் விழும். தாடைத் துணியை ஒரு விரல் அளவு கீழே இழுத்து நாலு மூச்சு விட்டால் தெளிந்துவிடும்.

தொங்கும் மப்ளரை மட்டும் விட்டுவிடுங்கள். நுனி சக்கரத்தில் சிக்கினால் குளிர் ஒரு பிரச்சினையாகவே இருக்காது.

'உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது' என்று யாராவது சொல்லி, தலையை மட்டும் போர்த்திக்கொண்டு உடம்பை விட்டுவிடாதீர்கள். தலை உடம்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அது இழக்கும் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நெஞ்சும் வயிறும் சில்லிட்டால் உடம்பு முதலில் இரத்தத்தைக் குறைப்பது விரல், மூக்கு, காது ஆகியவற்றுக்கு. ஆகவே முகம் உறைகிறது என்றால் சில சமயம் பதில் சட்டைக்குள் இருக்கிறது. புகைப்பழக்கம் இருந்தால் அதுவும் இதே இரத்தக்குழாய்களைத்தான் சுருக்கும்.

அம்மாவின் பயம்

அம்மா சொல்வதைச் சிரித்துத் தள்ளாதீர்கள், பயம் நியாயமானது, காரணம்தான் தவறு. முகவாதம் என்று நாம் சொல்லும் அந்த நோயில், முகத்தின் ஒரு பக்கத்தை அசைக்கும் நரம்பு காதுக்குப் பின்னால் ஓர் எலும்புக் குழாய்க்குள் வீங்கி நசுங்குகிறது. பெரும்பாலும் உள்ளே உறங்கிக்கிடந்த வைரஸ் விழிப்பதால் வருவது என்று கருதப்படுகிறது. கன்னத்தில் காற்று அடித்ததால் நரம்பு முடங்காது. ஆனால் ஒரு நாள் காலை முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண்ணை மூட முடியவில்லை என்றால் "குளிர்தானே, சரியாகிவிடும்" என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்கக்கூடாது. அந்த நரம்பு வீக்கத்துக்கான ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வாய் மட்டும் கோணி, நெற்றியைச் சுருக்க முடிகிறது, அல்லது கை பலவீனமாகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அந்த ஒற்றை வரி

இருமலை நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் கன்னத்தைவிட அது பெரிய விஷயம். சாதாரணமாக மூக்கு வழியே மூச்சு விடும்போது உள்ளே போகும் காற்று நுரையீரலை அடையும் முன் சூடாகி ஈரமாகிவிடும். வேகமாக மிதித்தால் மூக்கு போதாது, வாய் திறக்கும். வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாய்க்கு நேராகப் போய் அதன் ஈரத்தை உறிஞ்சுகிறது. இழுப்புக்கான இயல்பு உள்ளவர்களுக்குக் குழாய் சுருங்குகிறது. ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல் இருந்து, நிறுத்திய சில நிமிடங்களில் இருமலும் இறுக்கமும் வந்து, அரை மணி நேரத்தில் தானாக அடங்குவது இதன் பாணி. உங்கள் கடிதத்தில் இருப்பது அச்சு அசல் அதுதான். சிறு வயது இழுப்பு போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள், ஒதுங்கி இருந்திருக்கலாம்.

மருத்துவரிடம் போய் ஊதிப்பார்க்கும் நுரையீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உறுதியானால், கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் எடுத்துக்கொள்ளும் இன்ஹேலர் கொடுப்பார்கள். தினமும் அது தேவைப்பட்டால் அதோடு நிற்காமல், மூச்சுக்குழாயின் அழற்சியைக் குறைக்கும் தடுப்பு மருந்தைப் பற்றியும் கேளுங்கள். முதல் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக மிதிப்பதும் உதவும். வாய்க்கு மேல் இருக்கும் துணியும் இங்கே நல்லது செய்கிறது. விடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் கொஞ்சம் பிடித்து வைத்து அடுத்த மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும். கன்னத்துக்குக் கெடுதல் செய்த அதே ஈரம் மூச்சுக்குழாய்க்கு மருந்து. அதனால்தான் துணியை அடியோடு எடுத்துவிடச் சொல்லாமல், காற்று போய்வரும் துணியைச் சொன்னேன். இருமலுக்குப் பதில் நெஞ்சு வலி வந்து, அது கைக்கோ தாடைக்கோ பரவினால் அது இதயமாக இருக்கலாம். அன்று சைக்கிள், இன்ஹேலர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்த நாளில் ஓட்டலாம்

உங்கள் வேகத்தையும் எதிர்காற்றையும் மேலே சொன்னபடி கூட்டி, அட்டவணையில் பாருங்கள். மைனஸ் 20 வரை, முகம் முழுக்க மூடியிருந்தால் ஓட்டுங்கள். மைனஸ் 20-க்கும் 27-க்கும் இடையில் என்றால், தோலில் ஒரு விரல் அகலம்கூடத் திறந்திருக்கக்கூடாது, வழியில் ஒருமுறையாவது நின்று மூக்கு நுனியைத் தொட்டுப்பார்க்க வேண்டும். கட்டடங்களோ மரங்களோ காற்றை மறைக்கும் பாதை இருந்தால் ஒரு கிலோமீட்டர் கூடுதலானாலும் அதில் போங்கள். வேகத்தைக் குறைத்தால் கிடைப்பது கொஞ்சம்தான். மைனஸ் 8 டிகிரியில் மணிக்கு 20-லிருந்து 12 கிலோமீட்டராகக் குறைத்தால் முகத்துக்கு மைனஸ் 17 என்பது மைனஸ் 15 ஆகும். அந்த இரண்டு டிகிரிக்காக வெளியே கால் மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். இறக்கத்தில் மட்டும் பிரேக் பிடித்து இறங்குவது லாபம்.

மைனஸ் 27-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ, உங்கள் கன்னம் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டது என்பதால், வேண்டாம். குளிர்காலம் முழுவதிலும் எத்தனை நாள் அப்படி வரும் என்று எண்ணிப் பாருங்கள், கணவரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். "ஓட்டவே கூடாது" என்பவருக்கும் "தினமும் ஓட்டுவேன்" என்பவருக்கும் நடுவில் பேசுவதற்கு ஓர் எண் இருந்தால் சண்டை பாதியாகும்.

பின்குறிப்புக்கு

சனிக்கிழமைகளில் ஐந்து வயது மகளைப் பின்சீட்டில் வைத்து அழைத்துப் போகிறீர்கள், அவளுக்கும் இதே குல்லா போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நீங்கள் மிதிக்கிறீர்கள், உடம்பு சூடாகிறது. அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், காற்று மட்டும் உங்களுக்கு அடிக்கும் அதே வேகத்தில் அடிக்கிறது. முன்னால் நீங்கள் மறைத்தாலும் பக்கவாட்டில் மறைக்க முடியாது. சிறு உடம்பு சீக்கிரம் சூடிழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்பத்து மூன்று வயதில் நீங்களே மரத்துப்போனதைப் பழகிவிட்டது என்று நினைத்தீர்கள், ஐந்து வயதுக் குழந்தை "கன்னம் வலிக்கவில்லை அம்மா" என்று சொன்னால் எதை நம்புவீர்கள்? பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் நாட்களில் அவளைச் சைக்கிளில் ஏற்றாதீர்கள். பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களில் பத்து நிமிடத்துக்குள் முடியும் தூரம் மட்டும். தொங்கும் மப்ளர் இல்லாமல், காதையும் கன்னத்தையும் மூடும் குல்லாவோடு. நடுவில் ஒருமுறை நிறுத்தி இறங்கி, வலிக்கிறதா என்று கேட்காமல், கையுறையைக் கழற்றி அவள் கன்னத்தையும் மூக்கு நுனியையும் நீங்களே தொட்டுப் பாருங்கள்.